உயரம் சுமை தாங்காது

ஆஃப்ரோடு வண்டி வைத்திருப்பவர்கள் கூடும் இடமெல்லாம் இன்று ஒரே கருத்துதான் கோலோச்சுகிறது. லடாக், ஸ்பிதி என்று நெடும்பயணம் கிளம்ப வேண்டுமா? முதலில் வண்டியைத் தூக்கு. இரண்டு அங்குலம் கட்டாயம், மூன்று என்றால் இன்னும் நல்லது. கிடைப்பதிலேயே கெட்டியான ஸ்பிரிங்கைப் போடு. அதன்பிறகு மேற்கூரையில் கூடாரம், பின்னால் டீசல் கேன், முன்னால் இரும்பு பம்பரும் வின்ச்சும் என்று எதை வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம், வண்டி தாங்கும். தார், ஜிம்னி, கூர்க்கா, ஹைலக்ஸ் என எந்த வண்டியானாலும் இதே மந்திரம்தான்.

இந்த மந்திரம் தவறு. கொஞ்சம் மிகைப்படுத்தப்பட்டது என்று விட்டுவிடக்கூடிய தவறும் அல்ல, வரிசையே தலைகீழாக நிற்கிறது. எடைதான் முதலில் தெரிய வேண்டியது. அந்த எடைக்கு ஏற்ற ஸ்பிரிங் அடுத்தது. உயரம் என்பது இந்த இரண்டும் சேர்ந்து தரும் விளைவு. விளைவை முதலில் முடிவு செய்துவிட்டுக் காரணத்தைக் கடையில் போய்த் தேடுவதால்தான் லட்ச ரூபாய் செலவழித்தும் பல வண்டிகள் வாங்கிய நாளில் இருந்ததைவிட மோசமாக ஓடுகின்றன.

கோவையிலோ ஓசூரிலோ இந்த வேலை நடக்கும் ஒரு பட்டறையில் அரை மணி நேரம் நின்றால் போதும். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"அண்ணே, ரெண்டு இன்ச் போடலாமா, மூணு இன்ச் போடலாமா?"

"மூணே போட்ருங்க தம்பி. பாக்கவும் கெத்தா இருக்கும். ஹெவி டியூட்டி ஸ்பிரிங், எவ்வளவு லோடு ஏத்துனாலும் அசையாது."

"வண்டியில் என்ன ஏற்றப் போகிறீர்கள்? எப்போதுமா, எப்போதாவதா?" என்ற கேள்வி இந்தப் பேச்சில் வரவே இல்லை. ஸ்பிரிங் தேர்வில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

உயர்த்துவதால் பயனே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வண்டியின் நடுவயிறு மேட்டில் தட்டாமல் கடக்கும் கோணம் கூடும். ஜிம்னி ஐந்து கதவு வண்டியின் முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2,590 மில்லிமீட்டர். அதை 50 மில்லிமீட்டர் உயர்த்தினால் இந்தக் கோணம் நாலு டிகிரிக்குச் சற்று மேல் கூடும். பாறைப் படிகளில் அது உண்மையான ஆதாயம். முன்பக்க பம்பர் மேட்டில் இடிப்பதும், பின்பக்கம் பள்ளத்தில் உரசுவதும் குறையும். ஆனால் பெரும்பாலோர் உயர்த்துவது இதற்காக அல்ல. 'கிரவுண்ட் கிளியரன்ஸ்' கூடும் என்ற நம்பிக்கையில்தான் பணத்தை எடுத்து நீட்டுகிறார்கள்.

அது கூடுவதே இல்லை. ஜிம்னியின் முன்னும் பின்னும் இருப்பது இறுகிய முழு ஆக்சில். தாரின் பின்பக்கமும் அப்படியே. இந்த வகை வண்டிகளில் தரைக்கு மிக அருகில் இருப்பது ஆக்சிலின் நடுவே புடைத்திருக்கும் டிஃபரென்ஷியல். அது ஸ்பிரிங்கின் மேல் உட்காரவில்லை, சக்கரத்தோடு தொடுக்கப்பட்டிருக்கிறது. ஸ்பிரிங்கை மாற்றி உடலை மூன்று அங்குலம் தூக்கினாலும் டிஃபரென்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயரால் மட்டுமே முடியும், அதுவும் டயரின் விட்டம் கூடியதில் பாதியளவுக்குத்தான். ஜிம்னியின் 195/80 ஆர்15 டயரைக் கழற்றிவிட்டு 235/75 ஆர்15 போட்டால் விட்டம் 40 மில்லிமீட்டர் கூடும். டிஃபரென்ஷியலுக்குக் கிடைப்பது 20 மில்லிமீட்டர். வண்டித் தடத்தின் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் கல்லுக்கு, மேலே உடல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஒரு பொருட்டே இல்லை.

இனி ஸ்பிரிங்குக்கு வருவோம். ராபர்ட் ஹூக் 1678-இல் அச்சிட்டு வெளியிட்ட விதி இன்றுவரை மாறவில்லை. எவ்வளவு விசை கொடுக்கிறோமோ அதே விகிதத்தில் ஸ்பிரிங் அமுங்கும். இந்த ஒரு விதியை மனதில் வைத்துக் கணக்குப் போட்டாலே 'இரண்டு அங்குல லிஃப்ட்' என்ற சொல் தனியாக நின்றால் பொருளற்றது என்பது தெரிந்துவிடும்.

ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். காலியாக இருக்கும்போது அதன் பின் ஸ்பிரிங்குகள் இரண்டும் சேர்ந்து 700 கிலோ தாங்குகின்றன. அந்த இரண்டும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர் அமுங்க 6 கிலோ தேவை. பின்னால் 300 கிலோ ஏற்றினால் வண்டி 50 மில்லிமீட்டர் இறங்கும். அதே இடத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு 10 கிலோ கேட்கும் கெட்டி ஸ்பிரிங் போட்டால் 30 மில்லிமீட்டர்தான் இறங்கும். 'சுமை ஏற்றியபின் 50 மில்லிமீட்டர் உயரம்' தரும்படி இந்தக் கெட்டி ஸ்பிரிங் செய்யப்பட்டிருந்தால், காலியாக இருக்கும்போது அதே வண்டி 80 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும். பெட்டியில் அச்சிட்ட எண் ஒன்றுதான். வீட்டு வாசலில் நிற்கும்போது ஓர் உயரம், ரோத்தாங் ஏறும்போது வேறோர் உயரம். ஆஸ்திரேலியாவில் 1975-இல் தொடங்கிய ஏஆர்பி நிறுவனம் விற்கும் ஓல்டு மேன் எமு ஸ்பிரிங்குகளின் பட்டியலைப் பார்த்தால் ஒரே வண்டிக்கு ஒரே உயரத்துக்குப் பல ஸ்பிரிங்குகள் இருக்கும். எப்போதும் இருக்கும் கூடுதல் எடை எவ்வளவு என்பதை வைத்துத்தான் அவை பிரிக்கப்பட்டிருக்கின்றன. நம் ஊரில் அந்தப் பட்டியலின் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் மட்டும் பார்த்துவிட்டு, நடுவில் இருக்கும் எடையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கெட்டி என்பதும் லேசான விஷயமல்ல. சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பியின் விட்டத்தைப் பொறுத்து நான்காம் படியில் ஏறும். 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 13 மில்லிமீட்டர் கம்பி, மற்ற எல்லாம் அப்படியே. விறைப்பு 38 சதவீதம் கூடிவிடும். கண்ணால் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. கையில் இரண்டையும் தூக்கிப் பார்த்து "இதுதான் நல்ல கனம்" என்று முடிவு செய்கிறவர் உண்மையில் என்ன வாங்குகிறார் என்பது அவருக்கே தெரியாது.

அதிக விறைப்பால் என்ன கெட்டுவிடும்? மேலே சொன்ன வண்டியில் பழைய ஸ்பிரிங்கோடு காலி வண்டியின் பின்பக்கம் நொடிக்கு ஏறக்குறைய 1.5 முறை ஆடும். சுமை ஏற்றினால் 1.2 முறை. இரண்டும் உடம்பு தாங்குகிற ஆட்டம். கெட்டி ஸ்பிரிங்கில் சுமையோடு 1.6, காலியாக 1.9. ஆண்டில் 2 வாரம் மலைப் பயணம், மீதி 50 வாரமும் அலுவலகத்துக்கும் கடைக்கும் காலி வண்டி. அந்த 50 வாரமும் முதுகெலும்பும், வண்டியின் பாடி மவுண்டுகளும், டேஷ்போர்டின் கிளிப்புகளும் அந்த 1.9-ஐ அனுபவிக்கின்றன. குழந்தையும் வயதானவர்களும் பின் சீட்டில் உட்கார மறுக்கத் தொடங்கும்போதுதான் பல வீடுகளில் இந்தக் கணக்கு உறைக்கிறது.

இது வெறும் வசதிக் குறையோடு நிற்காது, பிடிமானமும் குறையும். விறைப்பான ஸ்பிரிங் பள்ளத்தில் சக்கரத்தைத் தரையோடு அழுத்திப் பிடிக்காது. காலி வண்டியின் பின் சக்கரம் ஈரமான சிமென்ட் சாலையின் வேகத்தடையில் துள்ளினால், அந்த நொடியில் பிரேக்குக்கு அங்கே பிடி இல்லை. 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஆலி செய்த சோதனைகளிலிருந்து கிடைத்த இன்னொரு பாடமும் இங்கே பொருந்தும். முன்பக்கம் சற்று மெதுவாகவும் பின்பக்கம் சற்று வேகமாகவும் ஆடினால்தான் ஒரு மேட்டைக் கடந்தபின் வண்டி சமமாக அடங்கும். வின்ச் போட்டோம் என்று முன்பக்கத்துக்கு மட்டும் கெட்டி ஸ்பிரிங் மாட்டினால் இந்த ஒழுங்கு தலைகீழாகும். வண்டி முன்னும் பின்னும் தலையாட்டிக்கொண்டே போகும், ஓட்டுநர் அதைச் சாலையின் குறை என்று நினைத்துக்கொள்வார்.

ஸ்பிரிங்கை மாற்றி ஷாக் அப்சார்பரை மாற்றாமல் விடுவது அடுத்த பிழை. மேலே சொன்ன உதாரணத்தில் விறைப்பு 6-இலிருந்து 10-க்குப் போகும்போது, அதே அளவு கட்டுப்பாடு வேண்டுமானால் ஷாக்கின் அடக்கும் திறன் ஏறக்குறைய 29 சதவீதம் கூட வேண்டும். பழைய ஷாக் அந்த வேலையைச் செய்ய முயன்று எண்ணெயைக் கொதிக்கவிட்டுக் கசிந்து போகும். அடித்துத் திரும்பும் ஸ்பிரிங்கை இழுத்துப் பிடிக்க ஆளில்லாமல் போகும்.

நீளமும் சிக்கல்தான். ஒரு சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய மொத்தத் தூரம் குறிப்பிட்ட அளவுதான். நிற்கும் உயரம் அந்தத் தூரத்தை இரண்டாகப் பிரிக்கிறது, மேலே ஏறப் பாதி, கீழே தொங்கப் பாதி. பழைய நீள ஷாக்கையே வைத்துக்கொண்டு நீள ஸ்பிரிங்கால் 50 மில்லிமீட்டர் உயர்த்தினால், கீழே தொங்கும் தூரத்தில் 50 மில்லிமீட்டர் போய்விடும். அதாவது ஓடையைக் குறுக்கே கடக்கும்போது முன்பெல்லாம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்த சக்கரம் இப்போது காற்றில் சுழலும். எதற்காக உயர்த்தினார்களோ அந்தக் காரியமே கெடும். தார், ஹைலக்ஸ் போன்ற தனி முன்சக்கர அமைப்பில், ஸ்ட்ரட்டின் தலையில் ஸ்பேசர் வைத்து உயர்த்துவது வழக்கம். அதில் தொங்கும் தூரம் போகாது, ஆனால் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது டிரைவ் ஷாஃப்டின் சிவி ஜாயின்ட் அது செய்யப்பட்ட கோணத்தைத் தாண்டி மடங்கும். அதன் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்த பிறகுதான் அது கண்ணில் படும்.

உயரத்தின் மிகப் பெரிய விலை கவிழும் ஆபத்து. அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ 2001-இலிருந்து வண்டிகளுக்கு இதற்காக ஒரு மதிப்பீடு தருகிறது. அதன் அடிப்படை எளிமையானது. இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும்.

1,500 கிலோ வண்டி ஒன்று, அகலம் 1.4 மீட்டர், ஈர்ப்பு மையம் 0.7 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் விகிதம் சரியாக 1. ஸ்பிரிங்கால் 50 மில்லிமீட்டர் தூக்கினால் சக்கரமும் ஆக்சிலும் தரையிலேயே இருப்பதால் மையம் ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் ஏறும். மேற்கூரையில், தரையிலிருந்து ஏறக்குறைய 1.95 மீட்டர் உயரத்தில், 75 கிலோ கூடாரமும் சாமான்களும் ஏற்றினால் மையம் இன்னும் 60 மில்லிமீட்டர் ஏறும். லிஃப்ட் கிட்டைவிடக் கூரைச் சுமைதான் மையத்தை அதிகம் தூக்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் மையம் 0.8 மீட்டர், விகிதம் 0.875. உலர்ந்த தார்ச்சாலையில் டயரின் பக்கவாட்டுப் பிடி 0.8, 0.9 அளவுக்கு வரும். முன்பு இந்த வண்டி திடீரென்று ஒடித்தால் வழுக்கியிருக்கும். இப்போது அது வழுக்குமா கவிழுமா என்பது மயிரிழையில் நிற்கிறது. ஸ்பிரிங் ஒரு பக்கம் சாய்வதையும் டயர் மடங்குவதையும் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம்.

இது வெறும் காகிதக் கணக்கு என்பவர்களுக்கு 2016-இல் சுவீடனில் நடந்ததைச் சொல்லலாம். டெக்னிகன்ஸ் வார்ல்ட் என்ற வாகன இதழ் புதிய டொயோட்டா ஹைலக்ஸைச் சுமை ஏற்றி, சாலையில் குறுக்கே ஏதோ வந்தால் விலகி மீள்வது போன்ற சோதனைக்கு உட்படுத்தியது. வண்டி இரண்டு சக்கரத்தில் எழுந்து நின்றது. 2007-இல் முந்தைய ஹைலக்ஸும் அதே இதழின் சோதனையில் அப்படியே எழுந்திருந்தது. இரண்டுமே கம்பெனி உயரத்தில் இருந்தவை. அதே வண்டியை இரண்டு அங்குலம் தூக்கி, கூரையில் கூடாரமும் ஏற்றி, திருச்சி சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர், மாடு குறுக்கே வராது என்ற ஒரே நம்பிக்கையில் போகிறார்.

கண்ணுக்குத் தெரியாத இன்னும் சில கெடுதல்களும் உண்டு. பல பிக்கப்களில் பின் பிரேக்கின் அழுத்தத்தை முடிவு செய்ய ஒரு வால்வு இருக்கும். அதன் நெம்புகோல் ஒரு கம்பியால் பின் ஆக்சிலோடு இணைந்திருக்கும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம், வண்டி உயர்ந்தால் குறைவு. வண்டியைத் தூக்கிவிட்டு இந்தக் கம்பியைச் சரி செய்யாமல் விட்டால், முழுப் பாரத்தோடு போகும் வண்டியை அந்த வால்வு காலி வண்டி என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். மலை இறக்கத்தில் முன் பிரேக் மட்டும் காய்ந்து சிவக்கும். வண்டிக்கு அடியில் ஒரு டார்ச் லைட்டோடு படுத்தால் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடக்கூடிய இந்தக் கம்பியைப் பார்க்காமல் வண்டியைத் திருப்பிக் கொடுப்பது மன்னிக்க முடியாத அலட்சியம்.

ஜிம்னி போன்ற முழு ஆக்சில் வண்டியில் முன் ஆக்சிலைப் பிடித்திருக்கும் நீள ஆர்ம்கள், வண்டி உயரும்போது ஆக்சிலையே சற்று முன்னோக்கி உருட்டிவிடும். ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்புவதற்குக் காரணமான காஸ்டர் கோணம் அதில் குறைகிறது. நெடுஞ்சாலையில் வண்டி அங்குமிங்கும் அலைவதும், ஒரு பள்ளத்தில் பட்டதும் ஸ்டியரிங் கையை உதறுவது போல் நடுங்குவதும் அதனால்தான். ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பான்ஹார்டு ராட் காரணமாக ஆக்சில் ஒரு பக்கமாக நகர்வது தனி. இவற்றுக்குத் தீர்வு உண்டு, காஸ்டர் புஷ்ஷும் நீளம் மாற்றக்கூடிய ராடும் கிடைக்கின்றன. ஆனால் அவை விலைப்பட்டியலில் 'வேண்டுமானால்' என்ற வரியின் கீழ் போய்விடுகின்றன. உயர்த்தும்போதே அவையும் சேர்ந்தே வர வேண்டும்.

பட்டை ஸ்பிரிங் வண்டிகளில் குறுக்கு வழிகள் இன்னும் மலிவு. ஐந்து பட்டை உள்ள கட்டில் ஆறாவதைச் சேர்ப்பது ஒன்று. தடிமன் ஒன்றாக இருந்தால் அது விறைப்பை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூட்டும், நிரந்தரச் சுமைக்கு அதுவே நியாயமான வழி. பழைய பட்டையைச் சூடேற்றிப் பதப்படுத்தாமல் சுத்தியலால் அடித்து வளைத்துத் திருப்பி மாட்டுவது வேறு கதை. அந்த வளைவு சில மாதங்களில் படிந்துவிடும். பட்டையின் பின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை 50 மில்லிமீட்டர் நீளமாக்கினால் கிடைப்பது 25 மில்லிமீட்டர் உயரமும், திரும்பிய ஆக்சில் கோணமும்தான். ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் இடையில் இரும்புக் கட்டை வைத்து யூ போல்ட்டால் இறுக்குவது முன் ஆக்சிலில் செய்யவே கூடாத வேலை.

பிறகு, ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றடைத்து வைக்கும் ஏர்பேக். "பட்டை இறங்குதா, ஏர்பேக் போடுங்க, காத்தடிச்சா நிமிர்ந்துடும்" என்பது அடுத்த பிரபலமான அறிவுரை. பட்டை ஸ்பிரிங் வண்டியின் சுமையைச் சேஸிஸில் இரண்டு இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, முன் முனையில் ஒன்று, பின் ஷேக்கிளில் ஒன்று. ஏர்பேக் அந்தச் சுமையின் பெரும்பங்கை ஆக்சிலுக்கு நேர் மேலே ஒரே புள்ளியில் குவிக்கிறது. ஆக்சிலுக்கு வெகுபின்னால் சாமான்களும் இழுவை வண்டியின் எடையும் தொங்க, நடுவில் அந்தப் புள்ளி மட்டும் மேலே தள்ள, ஒவ்வொரு குழியிலும் சேஸிஸ் முழங்காலில் வைத்து ஒடிக்கப்படும் கரும்பாகிறது. ஆஸ்திரேலியாவின் உட்பகுதிச் சாலைகளில் இரட்டைக் கேபின் பிக்கப்கள் நடுவே வளைந்து நின்ற கதைகள் அங்கே எல்லோருக்கும் தெரியும். வளைந்தவை விலையுயர்ந்த, பேர்போன வண்டிகள். சுருள் ஸ்பிரிங்குக்குள் வைக்கும் ஏர்பேக் விசையை அதே இடத்தில்தான் செலுத்துகிறது என்பதால், எப்போதாவது ஏறும் சுமைக்கு அதை ஏற்கலாம். இரண்டையும் ஒன்றாகப் பேசுவதுதான் தவறு.

ஆக்சிலுக்குப் பின்னால் தொங்கும் எடை எவ்வளவு கெடுதல் என்பதை நெம்புகோல் கணக்கு சொல்லும். ஹைலக்ஸின் முன் பின் சக்கர இடைவெளி 3,085 மில்லிமீட்டர். பின் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் 250 கிலோவைத் தொங்கவிட்டால் பின் ஆக்சிலில் ஏறுவது 347 கிலோ. கூடுதல் 97 கிலோ எங்கிருந்து வருகிறது? முன் சக்கரத்திலிருந்து. ஸ்டியரிங்கும் பிரேக்கும் நம்பியிருக்கும் சக்கரத்தை 97 கிலோ தூக்கிவிட்டு, பின்பக்கம் சரிகிறதே என்று கெட்டி ஸ்பிரிங் போட்டால் சரிவு மறையும், முன்பக்கம் இழந்த எடை திரும்ப வராது. ஆக்சிலுக்கு முன்னால், கீழே, அந்தச் சாமான்களை நகர்த்தி வைப்பதே அதற்கு மருந்து. அதற்குச் செலவே இல்லை.

ஸ்பிரிங்கை மாற்றினால் வண்டி அதிகம் சுமக்கலாம் என்ற நம்பிக்கையையும் வேரோடு பிடுங்க வேண்டும். இந்தியாவில் விற்கும் ஐந்து கதவு ஜிம்னியின் காலி எடை ஏறக்குறைய 1,200 கிலோ, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,545 கிலோ. மிச்சம் 345. நான்கு பெரியவர்கள் 280 கிலோ. மீதி 65 கிலோவில் இரும்பு பம்பர், வின்ச், கூரைக் கூடாரம், தண்ணீர், எரிபொருள் கேன், கருவிப்பெட்டி எல்லாம் வர வேண்டும். கூரைக் கூடாரமே 50 கிலோவுக்கு மேல் போகும். அந்த மொத்த எடை ஸ்பிரிங்கை மட்டும் பார்த்து எழுதப்பட்டதல்ல. பிரேக், ஆக்சில், பேரிங், வீல், சேஸிஸ், டயர் எல்லாவற்றையும் பார்த்து எழுதப்பட்டது. இவற்றில் எதற்கும் கெட்டி ஸ்பிரிங் வலு சேர்ப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் மொத்த எடையைச் சட்டப்படி உயர்த்த வழி இருக்கிறது. சோதனை, பொறியாளர் சான்று, புதிய தகடு என்று அதற்கு ஒரு நடைமுறை உண்டு. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. விபத்துக்குப் பின் காப்பீட்டுக்காரர் அளவெடுக்க வரும்போது 'எல்லோரும்தான் போட்டிருக்கிறார்கள்' என்ற பதில் எடுபடாது.

சுமை ஏற்றுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்த்தால் இந்தக் கருத்தின் வெறுமை இன்னும் தெளிவாகும். செஞ்சிலுவைச் சங்கமும் ஐ.நா. அமைப்புகளும் ஆப்பிரிக்காவில் மருந்தும் ஆட்களும் ஏற்றிச் செல்லும் லேண்ட் குரூசர் 78 வண்டிகள் பெரும்பாலும் கம்பெனி உயரத்தில்தான் ஓடுகின்றன. தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஏறும் ஜீப்புகளும் அப்படித்தான். விடியலுக்கு முன் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பாறையும் குழியுமான அந்தத் தேயிலைத் தோட்டப் பாதையில் ஏழாயிரம் அடிக்கு மேல் போகின்றன. ஒடுங்கிய டயர், பட்டை ஸ்பிரிங், லோ கியர். ஓட்டுநர் எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை ஏற்றுவது என்பதை மனப்பாடமாக வைத்திருக்கிறார். கூரையில் எதுவும் இல்லை.

ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்தில் 1,100-க்கும் மேற்பட்ட மணல் மேடுகளைத் தாண்டிக் கிழக்கே பேர்ட்ஸ்வில் போய்ச் சேரும்வரை நடுவில் பெட்ரோல் பங்க் கிடையாது. எரிபொருளும் தண்ணீரும் கையோடு கொண்டுபோக வேண்டும். அங்கே ஒரு வண்டியை மேட்டில் ஏற்றுவதும் ஏற்றாமல் விடுவதும் பெரும்பாலும் டயர் காற்றுதான், 16, 18 பிஎஸ்ஐ. காற்றைக் குறைத்தால் டயரே முதல் ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. அதே நாட்டின் கிம்பர்லிப் பகுதியில், கிப் ரிவர் ரோட்டில் வரிவரியாகப் பலகை போல் கிடக்கும் மண் சாலையில் நொடிக்கு ஏறக்குறைய 30 முறை அடிக்கும் அதிர்வை ஸ்பிரிங்கோ ஷாக்கோ விழுங்காது, டயர்தான் விழுங்கும். காற்றை முழுதாக அடித்துக்கொண்டு, கெட்டி ஸ்பிரிங்கோடு அந்தச் சாலையில் ஓட்டினால் ஷாக்கின் தலை முறியும்.

அப்படியானால் உயர்த்தும் மோகம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் போட்டிகளிலிருந்து. கோவாவில் 2014-இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்றவற்றில் வானளாவ உயர்ந்த ஜீப்புகள் சேற்றிலிருந்து எழுந்து வரும் படங்கள் ஆளைக் கிறங்கடிக்கும். அந்த வண்டிகளுக்கு அந்த உயரம் தேவைதான். ஆனால் அவற்றில் ரோல் கேஜ் இருக்கிறது, பயணிகள் ஹெல்மெட் போட்டிருக்கிறார்கள், குடும்பமும் கூரைக் கூடாரமும் இல்லை, போட்டி நடக்கும் இடத்துக்குப் பல வண்டிகள் டிரெய்லரில் வருகின்றன. சுமையோடு 3,000 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் போகும் வண்டிக்கு அதிலிருந்து எடுக்க வேண்டிய பாடம் மிகக் குறைவு.

சரி, என்னதான் செய்வது? ஊருக்கு வெளியே அரிசி ஆலைக்கு அருகிலோ பஞ்சாலைக்கு எதிரிலோ ஓர் எடைமேடை இருக்கும். பயணத்துக்கு ஏற்றப் போகும் எல்லாவற்றையும், ஆட்களையும், நிரப்பிய டேங்கையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு அங்கே போக வேண்டும். முன் சக்கரம் மட்டும் மேடையில் ஏறியதும் ஒரு சீட்டு, முழு வண்டியும் ஏறியதும் ஒரு சீட்டு, பின் சக்கரம் மட்டும் நிற்கும்போது ஒரு சீட்டு. அடுத்த நாள் காலியாக அதே மூன்று. லாரிகளுக்கு நடுவே ஒரு ஜிம்னி வரிசையில் நிற்பதைப் பார்த்து எடை போடுபவர் சிரிப்பார், சிரிக்கட்டும். ஆறு சீட்டுகளும் கையில் இருந்தால் எந்த விற்பனையாளரோடும் தலை நிமிர்ந்து பேசலாம். மொத்தம் ஆர்சி-யில் உள்ள எடையைத் தாண்டினால் கடைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பி எதை இறக்கலாம் என்று பார்ப்பதே முதல் வேலை. வின்ச்சின் இரும்புக் கயிற்றுக்குப் பதில் செயற்கை நார்க் கயிறு, இரும்பு பம்பருக்குப் பதில் கம்பெனி பம்பர், கூரைக் கூடாரத்துக்குப் பதில் தரைக் கூடாரம் என்று அப்போதுதான் யோசனை வரும்.

தாண்டவில்லையென்றால், எப்போதும் வண்டியிலேயே இருக்கும் கூடுதல் எடையை மட்டும் தனியே எடுக்க வேண்டும். பம்பர், வின்ச், இழுப்பறைப் பெட்டி, இரண்டாவது பேட்டரி போன்றவை. ஸ்பிரிங் அந்த எடைக்குத்தான். பயணத்துக்கு மட்டும் ஏறுபவை வேறு கணக்கு, அவை வழியிலேயே குறையவும் செய்யும். 100 லிட்டர் டீசலும் 60 லிட்டர் தண்ணீரும் தீர்ந்தால் 140 கிலோவுக்கு மேல் இறங்கிவிடும். ஆண்டில் இரண்டு வாரச் சுமைக்காக நிரந்தர ஸ்பிரிங்கைக் கெட்டியாக்குவதைவிட, சுருள் ஸ்பிரிங்குக்குள் ஏர்பேக்கோ, நல்ல பம்ப் ஸ்டாப்போ வைத்து அந்த இரண்டு வாரத்தைக் கடத்திவிடலாம். நிரந்தரச் சுமையோடு நிற்கும்போது வண்டி கம்பெனி உயரத்திலிருந்து 25 முதல் 40 மில்லிமீட்டர் மேலே இருந்தால், சுமையோடு பயணம் போகும் பெரும்பாலானோருக்கு அதுவே தாராளம். அந்த உயரத்துக்கும் அந்த விறைப்புக்கும் பொருந்தும் ஷாக் கூடவே வர வேண்டும், காஸ்டரை அளந்து எழுதித் தர வேண்டும், பிரேக் வால்வின் கம்பியையும் ஹெட்லைட்டையும் சரி செய்து காட்ட வேண்டும். இவற்றைச் செய்யமாட்டேன் என்கிற பட்டறையில் ஸ்பிரிங் மட்டும் வாங்காமல் வெளியே வந்துவிடலாம்.

மாட்டிய அன்றே, சமதரையில், நான்கு சக்கரங்களின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்து நான்கு எண்களையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று கணக்கைக் கெடுக்கும். புது ஸ்பிரிங் முதல் ஓராயிரம் கிலோமீட்டரில் சற்றுப் படியும், அதன்பின் மீண்டும் அளக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் இடது வலது ஸ்பிரிங்கை மாற்றி மாட்டிவிட்டார்களா என்று பார்க்க வேண்டும், பல வண்டிகளில் இரண்டும் வேறு வேறு. எல்லாம் சமமாக இருந்தால் சாமான்களை ஏற்றிக்கொண்டு இன்னொரு முறை எடைமேடைக்குப் போய்ப் பின் ஆக்சில் சீட்டைப் பழைய சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.